சுருங்காத பசையும் என் இடது கடைவாய்ப் பல்லும்

ப்ளோவ்திவ்,
மே 19, செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய ருமெனா அக்கா அவர்களுக்கு,

தம்பி நைதென் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. அத்தானின் முழங்கால் இப்போதாவது அவரைப் படியேற விடுகிறதா, இந்த வசந்தத்தில் தன்யூப் ஆறு உங்கள் வெங்காயப் பாத்தியை விட்டுவைத்ததா என்றெல்லாம் முறைப்படி விசாரிக்க வேண்டும், விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் இப்போது ஒன்றரைப் பக்க வாயோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் முதல் வரியைச் சொல்வதற்குள் நீங்கள் "ஐயோ" என்பீர்கள், அதன்பிறகு எதுவும் உங்கள் காதில் ஏறாது. கடிதத்தில் நீங்கள் எத்தனை ஐயோ போட்டாலும் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகலாம். விஷயம் இதுதான்: உடனே விதினிலிருந்து புறப்பட்டு வந்து உங்கள் மகள் பில்யானாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். இந்தப் பல் அடைக்கும் பசை ஆராய்ச்சி நம் குடும்பத்துக்கு ஆகாது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ரொட்டியில் தடவ லியுதெனிட்சா எடுக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நீங்கள் அனுப்பிய மிளகாய்த் தொக்குதான், அதே பாட்டில், அதே சிவப்பு மூடி. கண்ணாடி இன்னும் போட்டிருக்கவில்லை. கரண்டியை விட்டுக் கிளறினேன், கலகலவென்று சத்தம் கேட்டது. கொட்டை எடுக்காமல் எதையோ போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், அக்கா, உள்ளே தண்ணீரில் மனிதப் பற்கள்! எல்லாம் கடைவாய்ப் பற்கள், வேரோடு, நாற்பதுக்குக் குறையாது. நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

"பில்யானா! இது யாரோட பல்லு?"

தலைமுடியை முடிந்துகொண்டே வந்தாள். "பல பேரோடது மாமா."

"அவங்கல்லாம் உயிரோட இருக்காங்களா?"

"பல்லு மட்டும்தான் மாமா போச்சு, மத்தபடி நல்லா இருப்பாங்க. டாக்டருங்க பிடுங்கிப் போடுறத நாங்க கேட்டு வாங்கிக்கிறோம். லேப் ஃப்ரிட்ஜ் ரிப்பேரு. திங்கக்கிழமை எடுத்துட்டுப் போயிடுறேன்."

"அதுக்கு அம்மா அனுப்பின பாட்டில்தான் கிடைச்சுதா?"

"அந்த மூடிதான் மாமா நல்லா இறுகும்."

இதுதான் உங்கள் மகளின் பதில். அன்றிலிருந்து எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் முதலில் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். சரி, பல்லை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டது என் தப்பு. கேட்காமல் இருந்திருந்தால் என் நிம்மதியாவது மிஞ்சியிருக்கும். டாக்டர் நம் சொத்தைப் பல்லைக் குடைந்து, வெள்ளைப் பசையை வைத்து, நீல விளக்கைப் பிடிக்கிறார் அல்லவா? பசை அந்த வெளிச்சத்தில் கல்லாக இறுகுகிறது. இறுகும்போது சுருங்குகிறதாம்! நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு. சுருங்கும்போது ஒன்று, பல்லின் சுவரை விட்டுப் பிரிந்து இடைவெளி விடும். அதில் காப்பியும் கிருமியும் நுழையும். இல்லையென்றால் பிரியாமல் சுவரையே உள்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், பல் விரிசல் விடும்.

"ஏன் சுருங்குது?" என்றேன்.

"கல்யாணத்துல ஹோரோ ஆடுறதுக்கு முன்னாடி ஜனங்க அங்கங்க சிதறி நிப்பாங்கல்ல மாமா? கை கோத்த உடனே கூட்டம் நெருங்கிடும்ல? பிசின்ல இருக்கிற துகளும் அப்படித்தான். வெளிச்சம் பட்டதும் கை கோத்துக்கும். இடம் குறையும்."

நான் முப்பத்தோரு வருடம் கான்கிரீட் ஊற்றியவன், என்னிடமா சுருக்கத்தைப் பற்றிச் சொல்கிறாள்? "ஜல்லிய அதிகமாப் போடு, சுருக்கம் குறையும். ஒரே தடவையா ஊத்தாதே, அடுக்கடுக்கா ஊத்து" என்றேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "அதையேதான் மாமா உலகமே இத்தனை வருஷமா செய்யுது. ஜல்லிக்குப் பதிலாக் கண்ணாடித் தூளு, அவ்வளவுதான். நாங்க பிசினையே மாத்தப் பாக்கிறோம். வளையமா இருக்கிற துகளா எடுத்தா, கை கோக்கும்போது வளையம் பிரிஞ்சு நீளும். நெருங்குறதும் நீளுறதும் சரிக்குச் சரியாப் போயிடும்."

அவள் இதைச் சொல்லும்போது முகத்தில் இருந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் புத்தி வேறெங்கோ போய்விட்டது. என் வாயில் ஏழு அடைப்பு இருக்கிறது அக்கா! ஏழும் சுருங்கியவை! இத்தனை வருடம் கான்கிரீட் விரிசலைத் தேடி ஊர் ஊராக அலைந்தேன், ஏழு விரிசலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு. அன்று மாலை குளியலறைக் கண்ணாடி முன்னால் டார்ச் விளக்கோடு நின்றேன். ஒரு வாரம் வலது பக்கம் மட்டும் மென்றேன், பிறகு அங்கேதான் நான்கு அடைப்பு இருக்கிறது என்று ஞாபகம் வந்து இடதுக்கு மாறினேன்.

மார்ச்சில் இன்னொன்று நடந்தது. பிள்ளை காலையில் சாப்பிடாமல் ஓடிவிட்டாள் என்று பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைச் சூடாக வாங்கிக்கொண்டு அவள் ஆய்வகத்துக்குப் போனேன். கதவைத் தள்ளினால் உள்ளே ஒரே மஞ்சள் இருட்டு, ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை, ஆளே இல்லை. இப்படியா கண்ணைக் கெடுத்துக்கொள்வது என்று நல்ல மனதோடு திரையை இழுத்துவிட்டேன். பளீரென்று வெயில் வந்தது. நல்ல காரியம் செய்தோம் என்று ஒரு துண்டுப் பனிட்சாவை நானே வாயில் போட்டுக்கொண்ட நேரத்தில் பின்னால் ஒரு குரல்.

"யாரு நீங்க?"

அதுதான் பேராசிரியர் கவ்ரிலோவா, பில்யானாவின் தலைவி. உயரம் என்னைவிட ஒரு பிடி அதிகம். மேசைமேல் திறந்திருந்த கிண்ணத்தை ஒரு குச்சியால் தொட்டார். டக் என்றது. இன்னொரு கிண்ணம். டக். மூன்று வாரமாகக் கலக்கி வைத்த பசை, அக்கா, வெயில் பட்டு ஓடாக இறுகிவிட்டது. பில்யானா அப்போதுதான் ஓடி வந்தாள்.

"பில்யானா, இவர் யாரு?"

"என் மாமா, மேடம்."

"என்ன வேலை பாக்கிறார்?"

"ரிடையர் ஆயிட்டார்."

"நல்லவேளை" என்றார் பேராசிரியர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பனிட்சா பொட்டலத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். படி இறங்கும்போது என் காதெல்லாம் எரிந்தது.

அப்புறம் ஏப்ரல் கடைசியில் அவர்களுடைய ஒன்பதாவது பசை ஜெயித்துவிட்டது. சுருக்கம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே! பில்யானா சமையலறையில் என்னைப் பிடித்துச் சுற்றினாள். வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் மே பதினெட்டாம் தேதி நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள், பிடித்தால் வாங்கிக்கொள்வார்கள், அவளுக்கு நிரந்தர வேலையும் சொந்த ஆய்வு மேசையும் கிடைக்கும் என்றாள். நானும் ஒரு கோப்பை ரக்கியாச் சாராயம் ஊற்றிக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை அத்தானிடம் வாசித்துக் காட்ட வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை அவள் கறுப்புச் சிரிஞ்சுகள் நிறைந்த ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை சோஃபியாவில் ஏதோ இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டுமாம். என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் பழைய அடைப்பு ஒரு துண்டு ஹல்வாவோடு போய் ஒரு வாரமாகப் பள்ளமாக இருந்தது. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் ஃப்ரிட்ஜில் உலகத்திலேயே சுருங்காத பசை. நீங்களே சொல்லுங்கள், மனிதன் என்ன செய்வான்? சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கைக்கு வந்த சிரிஞ்சு ஒன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெலிச்கோவிடம் போனேன். என்னோடு பள்ளியில் படித்த வெலிச்கோதான், இப்போதும் சனிக்கிழமை மட்டும் பல் பார்க்கிறான்.

"என்ன சரக்குடா இது? பேரே இல்ல" என்றான்.

"வெளிநாட்டுச் சரக்கு. இன்னும் பேரு வைக்கல."

"பேரு வைக்காத சரக்க என்னை நம்பியா வாயில வாங்கிக்கிற?"

"உன்னை எவன்டா நம்புறான்? சரக்க நம்புறேன். போடு."

கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு விளக்கைத் தேடினான். நான் வாயைத் திறந்தபடியே கையை ஆட்டித் தடுத்தேன். "அடுக்கெல்லாம் எதுக்கு? இது சுருங்காது. மொத்தமா அமுக்கிட்டு ஒரே தடவையா விளக்கப் பிடி."

"உன் பல்லு, உன் இஷ்டம்" என்று முழுவதையும் அமுக்கி, நீல விளக்கைப் பிடித்தான். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வீட்டுக்கு வந்து சிரிஞ்சைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். பட்டாணி அளவுதான் குறைந்திருக்கும். அடுத்த இரண்டு வாரம் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! கொதிக்கிற சூப், அதன் மேலேயே பனிபோல் குளிர்ந்த அய்ரான் மோர், எதற்கும் அஞ்சவில்லை. மெல்லும்போது புதுச் செருப்பு கடிப்பதுபோல் அங்கே ஒரு இறுக்கம் இருந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை காலை, பாலில் ஊறிய ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கவனியுங்கள் அக்கா, எலும்பு அல்ல, கொட்டை அல்ல, ஊறிய ரொட்டி. வாய்க்குள் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். விரலை விட்டு எடுத்தேன். பாதிப் பல்! அடைப்பு அசையாமல் நிற்கிறது, பல்லின் சுவர் ஒரு பக்கம் முழுசாகப் பிளந்து என் உள்ளங்கையில் கிடக்கிறது. வலி பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ஒரு கேள்வி. சுருங்காத பசை பல்லை எப்படி உடைக்கும்? ஒரே வழிதான்: சுருங்கவில்லை, வீங்கியிருக்கிறது. எச்சிலைக் குடித்துக் குடித்து உள்ளே ஊதிப்போய் சுவரைத் தள்ளியிருக்கிறது. கம்பி துருப்பிடித்து வீங்கித் தூணையே வெடிக்கவைத்ததை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

பாதிப் பல்லைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு மதியம்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். சொன்னால் பில்யானாவின் இரண்டு வருட உழைப்பு போச்சு. அனுமதி இல்லாத மருந்தை மனித வாயில் போட்டதற்கு அவளைத்தான் கேட்பார்கள், என்னை அல்ல. சொல்லாவிட்டால் நாளைக்கு எத்தனை பேர் வாயில் இந்தப் பசை ஏறும், எத்தனை பேர் ஊறிய ரொட்டியைக் கடித்துப் பல்லைக் கையில் எடுப்பார்கள்? ஒரு விரிசலைப் பூசி மறைத்தால் அது பிறகு எங்கே வாயைத் திறக்கும் என்று எனக்குத் தெரியாதா? எழுந்து போய் அவள் முன்னால் தீப்பெட்டியை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்தது. அப்புறம் கேட்டாள்: "உடைஞ்சு எவ்வளவு நேரமாச்சு?"

"காலையில."

"காய விட்டுட்டீங்களா? தண்ணியில போட்டிருக்கணும் மாமா!" தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய் பல்லைத் தண்ணீரில் போட்டாள். அதற்குப் பிறகுதான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நாங்க ஒரே ஒரு நாள்தான் தண்ணியில ஊற வெச்சுப் பாத்தோம் மாமா. அதுக்கு மேல பாக்கவே இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வேறென்ன கொடுப்பேன்? அன்றே பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் கடைசியில் சொன்னது எனக்கே கேட்டது: "காலையில அந்த ஆளையும் கூட்டிட்டு வா."

நான் என் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, நீதிமன்றத்துக்குப் போகிறவன் மாதிரி போனேன். இந்த அம்மாள் என்னை ஓர் அலமாரிக்குள் பூட்டிவைத்துவிட்டுப் பசையை விற்றுவிடுவார் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். உள்ளே கோட்டு சூட்டு போட்ட மூன்று பேர், மேசையில் பூச்சாடி, தட்டு நிறையப் பிஸ்கட். பேராசிரியர் என்னை நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்.

"வாயத் திறங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"மார்ச்ல எங்க ஜன்னலத் திறக்கும்போது நீங்க கேட்டீங்களா? திறங்க."

திறந்தேன். விளக்கைப் பிடித்தார். மூன்று வெளிநாட்டுக்காரர்களும் வரிசையாகக் குனிந்து என் வாய்க்குள் பார்த்தார்கள். பில்யானா எழுந்து நின்றாள். எங்கள் பசை சுருங்கவில்லை, ஆனால் வாய் ஈரத்தில் நாள்கணக்கில் என்ன ஆகிறது என்று நாங்கள் பார்க்கவில்லை, இதோ ஒரு பல் உடைந்திருக்கிறது, ஆகவே இன்று உங்களுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவர்கள் மொழியிலேயே சொன்னாளாம். ஒருவர் என்னைப் பார்த்து, வலித்ததா என்று கேட்க, பேராசிரியர் மொழிபெயர்த்தார். வாய் திறந்திருந்ததால் நம் வழக்கப்படி ஆமாம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். அவர்கள் ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தமாம். மூன்று பேரும் வியந்துபோய் ஏதோ எழுதிக்கொண்டார்கள். பிறகு கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பிஸ்கட்டை ஒருவரும் தொடவில்லை.

நேற்றிலிருந்து உங்கள் மகள் சரியாகப் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தேநீரை ஆறவிடுகிறாள். "எனக்கு இது வராது போல மாமா" என்றாள். அக்கா, எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. வந்து கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையில் நிம்மதியாக உட்காரட்டும். என்னை எத்தனை திட்டினாலும் சரி, குனிந்து வாங்கிக்கொள்கிறேன். அத்தானின் முழங்கால் குணமாகட்டும், வெங்காயம் பருக்கட்டும், உங்கள் வீட்டு விளக்குகள் எல்லாம் தடையின்றி எரியட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், வலது பக்க வாயால்.

இப்படிக்கு,
தலை நிமிராத தம்பி,
நைதென்.

பின்குறிப்பு (வியாழக்கிழமை): கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நேற்றுப் பில்யானா என் பாதிப் பல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அடைப்போடு ஒட்டியிருந்த பக்கம் முழுக்கப் பழுப்பாகக் கோடு; காப்பி நுழைந்த தடம். வீங்கினால் காப்பி எப்படி நுழையும்? சனிக்கிழமை இல்லாவிட்டாலும் மாலையில் வெலிச்கோவின் கதவைத் தட்டித் திறக்கவைத்து, என்னை அவன் நாற்காலியில் உட்காரவைத்து, மீதி அடைப்பையும் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். அது ஒன்பதாவது பசையே இல்லையாம்! பெட்டியில் பாதிச் சிரிஞ்சுகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த சாதாரணக் கடைச் சரக்காம். என் கைக்கு வந்தது அதுதான். "அப்ப என் பல்ல உடைச்சது யாரு?" என்றேன். "சுருங்குற பசைய மொத்தமா அமுக்கச் சொன்னது யாரு மாமா?" என்றாள். வெலிச்கோ கை தட்டிச் சிரித்தான். உங்கள் மகள் சிரித்த சிரிப்பில் விக்கலே வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஒன்பதாவது வீங்காதுன்னும் எனக்கு இன்னும் தெரியாது. ஆறு மாசம் தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் வாயத் திறப்பேன்" என்று விடிந்ததும் ஆய்வகத்துக்கு ஓடிவிட்டாள். கம்பெனிக்காரர்களும் குளிர்காலத்தில் மறுபடி வருகிறோம், அதுவரை யாரிடமும் விற்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்களாம். ஆகவே அவளைக் கூட்டிக்கொண்டு போக நீங்கள் வர வேண்டாம். ஆனால் வாருங்கள். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் கட்டாயம் வாருங்கள். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் கவ்ரிலோவா நம் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று தானாகவே சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த வாயோடு அந்த அம்மாளுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து மெல்ல எனக்குத் தைரியம் இல்லை.